டி. கே. சிதம்பரநாத முதலியார்

டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882 - பெப்ரவரி 16, 1954) தமிழறிஞர், திறனாய்வாளர், உரையாசிரியர். இரசிகமணி என்ற பட்டத்தாலும் டி. கே. சி. என்ற சுருக்கப் பெயராலும் பரவலாக அறியப்படுகிறார். கம்பராமாயணத்தைச் சுவை நோக்கில் அணுகியவர். தமிழிசை இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். திருநெல்வேலியிலும் பின்னர்க் குற்றாலத்திலும் தம் இல்லத்தையே இலக்கியம் பயிலும் பொது இடமாக ஆக்கினார். அங்கு கூடிய குழு வட்டத்தொட்டி எனப் பெயர் பெற்றது.

வாழ்க்கை

தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் தீத்தாரப்ப முதலியார், தாயார் மீனாம்பாள். தென்காசி அக்காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2019ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக உள்ளது. சிதம்பரநாதர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்த் திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்றார். வழக்கறிஞராகத் தகுதி பெற்றிருந்தபோதும் அவருடைய நாட்டம் இலக்கியத்திலேயே இருந்தது. 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையராகப் பணியாற்றினார்.

இவருடைய மகன் தீத்தாரப்பன், தீபன் என்ற பெயரில் எழுதியவர், இளவயதிலேயே மறைந்தார். அப்பிரிவுக்குப் பின்னரும் டி. கே. சி. இலக்கியப் பணியைக் கைவிடவில்லை.

வட்டத்தொட்டி

திருநெல்வேலிப் பகுதியின் பழைய வீடுகளில் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். அதன் தளம் சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்திருக்கும். மழைநீர் அதில் விழுந்து வடிந்துவிடும்; வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வீட்டினுள் வரும். இவ்வமைப்பைத் தொட்டி என்றும், அதைச் சூழ்ந்த வீட்டுப் பகுதியைத் தொட்டிக்கட்டு என்றும் கூறுவர். தாழ்வாரத்தில் அமர்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருப்பர். வகுப்பறையிலோ மேடைக் கூட்டத்திலோ உள்ளதுபோல் முன்வரிசை, பின்வரிசை என்னும் வேறுபாடு அங்கு எழுவதில்லை.

1924ஆம் ஆண்டளவில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த டி. கே. சி.யின் இல்லத்தில் இத்தகைய இடத்தில் நண்பர்கள் கூடத் தொடங்கினர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூட்டம் நடைபெற்றது. தொட்டியைச் சுற்றி வட்டமாக அமர்ந்து பேசியதால் வட்டத்தொட்டி என்ற பெயர் நிலைத்தது.

இங்கு நீண்ட சொற்பொழிவுகள் நடைபெறவில்லை. ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதை ஓசை நயத்துடன் மீண்டும் மீண்டும் படிப்பதே பயிற்சி முறையாக இருந்தது. பாடலின் உணர்ச்சி கேட்பவர் உள்ளத்தில் பதிந்த பின்னரே பொருள் பேசப்பட்டது. அரும்பத உரை, இலக்கணக் குறிப்பு ஆகியவற்றில் தொடங்கும் அக்காலப் புலவர் மரபிலிருந்து இம்முறை வேறுபட்டது. தமிழை முறையாகப் பயிலாதவர்களும் கவிதைக்குள் நுழைய இது வழி செய்தது. வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், ஆசிரியர்கள் எனப் பல துறையினர் இதில் பங்குபெற்றனர்.

வட்டத்தொட்டியுடன் தொடர்புடையோருள் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், அ. சீனிவாசராகவன், நீதிபதி எஸ். மகராஜன், மீ. ப. சோமு ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். பாஸ்கரத் தொண்டைமான் பிற்காலத்தில் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி எழுதிப் புகழ்பெற்றார். 1951இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர்க் கலைக்கூடம் உருவாவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கவிதையில் பயின்ற சுவைநோக்கு அவருடைய கலை எழுத்துகளிலும் காணப்படுகிறது.

குற்றாலத்தில்

பின்னாளில் டி. கே. சி. குற்றாலத்தில் குடியேறினார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் அருவிகளாலும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பெய்யும் சாரலாலும் பெயர் பெற்றது. திரிகூட இராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி இத்தலத்தைப் பாடிய நூலாகும். இங்கும் டி. கே. சி.யின் வீடு விருந்தினர்களுக்கும் இலக்கிய ஆர்வலர்களுக்கும் திறந்திருந்தது. இராஜாஜி, கல்கி உள்ளிட்டோர் இங்கு வந்து தங்கி உரையாடினர். முற்றம் மாறியபோதும் விருந்தும் கவிதையும் இணைந்த பயிற்சி முறை மாறவில்லை. நேரில் வர இயலாத நண்பர்களுக்கு டி. கே. சி. விரிவான கடிதங்கள் எழுதினார். அக்கடிதங்கள் பின்னர் நூல்களாகத் தொகுக்கப்பட்டன.

கம்பர் ஆய்வும் விமர்சனமும்

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களுடன் வழங்கும் கம்பராமாயணத்தில் பெரும் எண்ணிக்கையிலானவை இடைச்செருகல்கள் என்பது டி. கே. சி.யின் கருத்து. கவிதையின் ஓசை, உருவம், உணர்ச்சி ஆகியவற்றைக் கொண்டே கம்பரின் பாடல்களை அவர் இனங்கண்டார். சில இடங்களில் சொற்களையும் திருத்தினார். ஏட்டுச் சான்று இன்றித் தனிமனிதச் சுவையை மட்டும் நம்பி மூலத்தைத் திருத்துவது முறையன்று எனப் புலவர்கள் கடுமையாக மறுத்தனர். இக்கண்டனம் வலுவானது, கேட்பவரின் செவி, கவியின் கைக்குச் சான்றாக முடியாது. ஆயினும் கம்பராமாயணத்தில் பிற்காலச் சேர்க்கைகள் உண்டு என்பதைப் பிறரும் ஏற்றனர். ஏடுகளை ஒப்பிட்டு வெளிவந்த பிற்காலப் பதிப்புகள் ஐயத்துக்குரிய பாடல்களை மிகைப் பாடல்கள் எனத் தனியே தந்தன. டி. கே. சி. எழுப்பிய வினா நிலைத்தது. விடை காண அவர் கொண்ட வழி நிலைக்கவில்லை.

பிற பணிகள்

1939இல் காரைக்குடியில் சா. கணேசனால் தொடங்கப்பட்ட கம்பன் கழகத்தின் தொடக்க கால விழாக்களில் டி. கே. சி. பங்கேற்றார். இசையரங்குகளில் தமிழ்ப் பாடல்கள் முதன்மை பெற வேண்டும் என்றும், கல்வி தமிழ்வழியில் அமைய வேண்டும் என்றும் வலியுறுத்தினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைப் பலரும் அறியச் செய்ததில் இவருக்குப் பங்குண்டு.

நூல்கள்

இதய ஒலி, கம்பர் யார்?, அற்புத ரஸம், கம்பர் தரும் ராமாயணம் ஆகியவை இவருடைய நூல்களுள் சில. முத்தொள்ளாயிரப் பாடல்களுக்கும் விளக்கம் எழுதி வெளியிட்டார்.

மறைவு

1954 பெப்ரவரி 16 அன்று டி. கே. சி. காலமானார். வட்டத்தொட்டியில் பழகியவர்கள் தத்தம் துறைகளிலும் எழுத்துகளிலும் அவருடைய பயிற்சி முறையைத் தொடர்ந்தனர். நீதிபதி மகராஜன் அவரைப் பற்றி எழுதிய நூலைச் சாகித்திய அகாதமி வெளியிட்டுள்ளது.