5,000 பிரதிகளிலிருந்து ஒரு நகர்



வானொலியும் தொலைக்காட்சியும் இன்று நற்செய்தியை வீடுதோறும் கொண்டுவந்து சேர்க்கின்றன. இத்தகைய பணிகளுக்குப் பெருந்தொகைப் பணமே முதல் தேவையென நீங்கள் எண்ணினால், போலந்து நாட்டுப் புனிதரான மாக்சிமிலியன் கொல்பே அடிகளாரின் வாழ்வைச் சற்று நோக்குங்கள்.

நெசவுத் தொழிலாளர் குடும்பமொன்றில் 1894ஆம் ஆண்டு தை மாதம் 8ஆந் திகதி பிறந்தவர் இவர். பிரான்சிஸ்கன் சபையிற் சேர்ந்து, உரோமையில் 1918இல் குருப்பட்டம் பெற்றார். மறு வருடம் தாயகம் திரும்பியபோது சயரோகம் அவரைப் பற்றியிருந்தது. ஆயினும் மரியன்னையின் பக்தியைப் பரப்ப ஒரு சஞ்சிகை வெளியிட விரும்பினார். மேலதிகாரிகள் அனுமதி தந்தனர்; பணம் தரவில்லை. அடிகளார் வீதியில் இறங்கிக் கையேந்தினார். 1922 தை மாதத்தில், கிராக்கோ நகரில், முதலாவது இதழ் 5,000 பிரதிகளாக வெளிவந்தது.

பின்னர் குரொட்னோ மடத்தில் பழைய அச்சியந்திரம் ஒன்றைக் கொண்டு சகோதரர்களே அச்சிட்டனர். 1927இல், வார்சோவுக்கு அண்மையில் பிரபு ஒருவர் அளித்த காணியில் மரக் குடில்கள் எழுந்தன. அதுவே 'அமலோற்பவ மாதாவின் நகர்' எனப் பொருள்படும் நியேப்போகலனோவ். 1930இல் அடிகளார் யப்பானுக்குச் சென்றார். நாகசாக்கியை அடைந்து ஒரு மாதத்துள் அந்நாட்டு மொழியிலும் சஞ்சிகை வெளிவந்தது!

1935இல் நியேப்போகலனோவிலிருந்து நாளேடு ஒன்றும் வெளிவரத் தொடங்கியது. 1938இல் சஞ்சிகையின் சிறப்பிதழ் பத்து இலட்சம் பிரதிகளை எட்டியது. மார்கழியில் வானொலி நிலையமும் ஒலித்தது. யுத்தம் மூண்டபோது அங்கே எழுநூறுக்கு மேற்பட்ட துறவிகள் இருந்தனர்.

ஒன்றையும் மறைத்தலாகாது. அந்த நாளேட்டில் யூத மக்களைப் பகைக்கும் எழுத்துக்களும் இடம்பெற்றன. அச்செழுத்துக்குள்ள வலிமை நன்மைக்கும் தீமைக்கும் உதவும் என்பதை நாம் மறக்கலாகாது. ஆனால் 1939இன் இறுதியில், நாசிப் படையினரால் துரத்தப்பட்ட அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, அந்த மடம் கதவடைக்கவில்லை. அவர்களுள் பெருந்தொகையினர் யூதர்களே. உணவும் உறைவிடமும் அவர்களோடு பகிரப்பட்டன.

1941 மாசி 17இல் அடிகளார் கைதானார். அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் அவருக்கு வழங்கப்பட்டது 16670 என்ற இலக்கம். கைதி ஒருவர் தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப்பேர் பட்டினிச்சாவுக்குத் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களில் பிரான்சிசெக் கயோவ்னிச்செக் என்பவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். அடிகளார் முன்வந்து அவரது இடத்தை ஏற்றார். இரு வாரங்களின் பின்பும் உயிர் பிரியாதிருந்த அவரை, ஆவணி 14இல் நச்சூசி ஏற்றிக் கொன்றனர். 1982இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, காப்பாற்றப்பட்ட அம்மனிதரும் அங்கே நின்றார்.

வாசகர்களே, யந்திரங்களை யுத்தம் பறித்தது, வானொலி ஓய்ந்தது. எனினும், அத்தனை ஆண்டுகள் அவர் அச்சிட்ட அன்பின் போதனையை, சாவறையில் தம் உயிராலே மெய்ப்பித்தார். ஆவணி 14இல் அவரது திருநாள் வருகிறது. அன்று உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள்.