புத்தக மூட்டையும் ஒரு மொழியின் மீட்சியும்

ஒரு மொழிக்கு நல்ல எழுத்து அமைந்துவிட்டால் மட்டும் அது கல்வி மொழியாகவோ ஆட்சி மொழியாகவோ உயர்ந்துவிடாது. கொரிய மொழியின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. செஜோங் மன்னர் 1443-இல் உருவாக்கி 1446-இல் நாட்டு மக்களுக்கு வழங்கிய 28 எழுத்துகள், உலகின் மிகச் சீரிய எழுத்து முறைகளுள் ஒன்றாக மொழியியலாளர்களால் போற்றப்படுகின்றன. ஆனால், அதன் பிறகும் ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகள் அரசாணைகளும் அரசுத் தேர்வுகளும் அறிஞர் நூல்களும் சீன எழுத்திலேயே எழுதப்பட்டன. சொந்த எழுத்துக்குக் 'கொச்சை எழுத்து' என்ற பொருளிலேயே பெயர் வழங்கியது. பெண்களின் கடிதங்களிலும் எளியோர் படித்த கதைகளிலும்தான் அது உயிர் வாழ்ந்தது.

எழுத்து இருந்தது. ஆனால், ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்பதற்குப் பொதுவிதி இல்லை. கொரியர்கள் தங்கள் மொழிக்குத் தாங்களே தொகுத்த அகராதி இல்லை. இந்தக் குறைகளைத் தீர்ப்பதற்கென்றே வாழ்ந்து, 37 வயதில் மறைந்தவர் ஜூ சி-கியோங். இன்று வடகொரியாவிலும் தென்கொரியாவிலும் பள்ளிப் பிள்ளைகள் தம் தாய்மொழியை எழுதும் முறைக்கு அடித்தளம் இட்டவர் அவர்தான்.

இன்றைய வடகொரியப் பகுதியான ஹுவாங்ஹே மாநிலத்தின் பொங்சான் என்னும் ஊரில், 1876 டிசம்பர் மாதம் ஓர் ஏழைக் குடும்பத்தில் ஜூ பிறந்தார். பின்னர் பெரியப்பாவுக்குத் தத்துப் பிள்ளையாகித் தலைநகர் சியோலுக்கு வந்தார். அக்கால வழக்கப்படி திண்ணைப் பள்ளியில் சீனச் செவ்விலக்கியம் பயின்றார்.

அங்கே ஆசிரியர் முதலில் சீனப் பாடத்தை ஓதுவார். மாணவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பிறகு அதையே கொரிய மொழியில் விளக்குவார். உடனே எல்லோருக்கும் விளங்கிவிடும். விளங்குகிற மொழியிலேயே பாடத்தை எழுதிவைத்தால் என்ன என்ற கேள்வி, பதின்பருவத்திலேயே அவருக்குள் எழுந்தது. அக்கேள்விக்கான விடையைத் தேடுவதே அவருடைய வாழ்க்கையாயிற்று.

1894-இல் குடுமியைக் களைந்துவிட்டு, அமெரிக்க மெதடிஸ்ட் மறைப்பணியாளர் ஹென்றி அப்பென்செல்லர் நிறுவிய பேஜே பள்ளியில் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஆங்கிலம் அறிமுகமாயிற்று. உயிரெழுத்து, மெய்யெழுத்து என்ற பகுப்பையும், சொற்களை வகைப்படுத்தி வாக்கியத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கும் முறையையும் ஆங்கில இலக்கணத்தின் வழியே கற்றார். அயல்மொழியைக் கற்ற பலர் அதன் பெருமையில் மயங்கித் தாய்மொழியை மறந்த காலம் அது. ஜூவோ அந்த அயல்மொழி இலக்கணத்தைத் தம் மொழியைப் பார்க்க உதவும் கண்ணாடியாகக் கொண்டார்.

1896 ஏப்ரல் மாதம் சோ ஜே-பில் 'விடுதலை' என்னும் பொருள்படும் பெயரில் ஓர் இதழைத் தொடங்கினார். நான்கு பக்கங்களில் மூன்று கொரிய மொழியில், சீன எழுத்து கலவாமல் வெளிவந்தன. எஞ்சிய ஒரு பக்கம் ஆங்கிலம். சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு அச்சிட்டது அவ்விதழின் புதுமை. மெய்ப்புத் திருத்தும் பணி இருபது வயதுகூட நிரம்பாத ஜூவிடம் வந்தது.

அந்தப் பணிதான் அவரை இலக்கண ஆய்வுக்கு இழுத்துச் சென்றது. இடைவெளி விட வேண்டுமென்றால் சொல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். வேற்றுமை உருபு தனிச்சொல்லா, பெயரின் பகுதியா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே சொல்லை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதி அனுப்பினால் எது சரி என்று சொல்ல வேண்டும். விதிகளே இல்லாத மொழியில் மெய்ப்புத் திருத்துபவர் எதைக் கொண்டு திருத்துவார்? அந்த ஆண்டே, எழுத்து முறையை ஒருமைப்படுத்துவதற்கென இதழ் அலுவலகத்திலேயே அவர் ஒரு சிறு கழகத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அதே இதழில் தாய்மொழி எழுத்து குறித்துக் கட்டுரைகள் எழுதினார்.

அவர் கண்ட தீர்வை ஒரு சொல்லைக் கொண்டு விளக்கலாம். மலரைக் குறிக்கும் கொரியச் சொல் தனியே நிற்கும்போது 'கொத்' என்று ஒலிக்கும். எழுவாய் உருபு சேர்ந்தால் 'கொச்சி' ஆகும். 'மட்டும்' எனும் பொருள் தரும் ஒட்டு சேர்ந்தால் 'கொன்மன்' ஆகும். நம் இலக்கணம் புணர்ச்சி என்று கூறும் மாற்றமே இது. செவிக்குக் கேட்டபடி எழுதினால் மலர் என்னும் ஒரே சொல்லுக்கு மூன்று வடிவங்கள் வந்துவிடும்.

ஒலி மாறினும் வேர் மாறுவதில்லை; எனவே, வேரை எப்போதும் ஒரே வடிவில் எழுத வேண்டும்; சேரும் இடத்தில் ஒலி எப்படித் திரியும் என்பதைப் படிப்பவரின் மொழியறிவு பார்த்துக்கொள்ளும் என்றார் ஜூ. கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பொருள் விளங்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. எழுதக் கற்பது கடினமாகிவிடும் என்று அன்று பலர் எதிர்த்தனர். இன்றைய கொரிய எழுத்து முறை இந்தக் கொள்கையின் மீதே நிற்கிறது.

வாக்கிய அமைப்பிலும் அவர் பார்வை கூர்மையானது. ஆங்கிலத்தில் வினை வாக்கியத்தின் நடுவில் நிற்கும். யார் செய்தார், எதைச் செய்தார் என்பதைச் சொற்கள் நிற்கும் இடமே பெரிதும் காட்டிவிடும். கொரிய மொழியில் வினை இறுதியில் வரும். எழுவாயையும் செயப்படுபொருளையும் பெயரின் பின் ஒட்டும் உருபுகள் காட்டும். சொல்வது செய்தியா, வினாவா, கேட்பவர் பெரியவரா, சிறியவரா என்பவற்றையெல்லாம் வினையின் ஈறு உணர்த்தும். ஆங்கில இலக்கணச் சட்டகத்தை அப்படியே பொருத்தினால், வாக்கியத்தின் பொருளைத் தாங்கும் இச்சிறு உறுப்புகளுக்கு இடமில்லாமல் போய்விடும்.

ஆகவே, 1910 ஏப்ரலில் வெளியிட்ட 'தேசிய மொழி இலக்கணம்' என்னும் நூலில், உருபுகளையும் இணைப்பு ஈறுகளையும் முடிப்பு ஈறுகளையும் தனித்தனிச் சொல் வகைகளாகவே அவர் கொண்டார். மொத்தம் ஒன்பது வகைகள். அவற்றுக்குச் சீன வேர்ச் சொற்களைத் தவிர்த்துக் கொரிய வேர்களிலிருந்தே பெயர் சூட்டினார். பெயர்ச்சொல்லுக்கு அவர் வைத்த 'இம்' என்பது, 'பெயர்' என்று பொருள்படும் கொரியச் சொல்லின் சுருக்கம். வினைக்கு வைத்த 'உம்' என்பது, அசைவைக் குறிக்கும் சொல்லின் சுருக்கம்.

அந்நூலில் வாக்கியங்களைக் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டியிருக்கிறார். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகியவை முதன்மைக் கோட்டில் நிற்கும். அவற்றை விளக்கும் சொற்கள் கிளைகளாகப் பிரியும். வாய்விட்டுச் சொல்லப்படாமல் மனத்தில் உணரப்படும் உறுப்புகளுக்கும் அப்படத்தில் இடம் உண்டு. நம் இலக்கணத்தின் தோன்றா எழுவாயை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 1914-இல் வெளிவந்த 'பேச்சின் ஒலி' என்னும் நூலில், சொல்லை அதற்கு மேல் பகுக்க இயலாத பொருள் அலகுகளாகப் பிரித்து அவ்வலகுக்கு ஒரு பெயரும் தந்தார். பிற்கால மொழியியலில் 'உருபன்' எனப்படும் கருத்துக்கு மிக நெருக்கமானது இது. மேலை மொழியியல் ஆய்வுகள் எட்டாத சூழலில் அவர் இதைக் கண்டார் என்பது வியப்புக்குரியது.

தமிழர்க்கு ஆர்வமூட்டும் ஒரு செய்தியை இங்கே குறிப்பிட வேண்டும். பேஜே பள்ளி வளாகத்தில் இயங்கிய மும்மொழி அச்சகத்தை 1890-களில் நடத்தியவர் அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட். விடுதலை இதழ் அச்சானதும் அந்த அச்சகத்தில்தான். அதே ஹல்பர்ட் 1905-இல், கொரிய மொழியையும் இந்தியாவின் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை வெளியிட்டார். இரண்டும் ஓரினம் என்ற அவருடைய முடிவை மொழியியல் உலகம் ஏற்கவில்லை. அமைப்பில் ஒற்றுமை காண்பது வேறு, பிறப்பில் உறவு காண்பது வேறு. ஆயினும், தொலைவில் உள்ள இரு மொழிகளின் வாக்கிய அமைப்பை அருகருகே வைத்துப் பார்க்கும் ஆர்வம் அன்றைய சியோலில் எந்த அளவுக்கு இருந்தது என்பதை அந்நூல் காட்டுகிறது.

ஜூ அறைக்குள் அமர்ந்த ஆய்வாளராக மட்டும் இருக்கவில்லை. பள்ளி பள்ளியாகச் சென்று தாய்மொழி கற்பித்தார். பாடநூல்களைத் துணியில் பெரிய மூட்டையாகக் கட்டிச் சுமந்து, நகரெங்கும் நடப்பார். அதனால், 'மூட்டை ஜூ' என்றே அவருக்குப் பட்டப்பெயர் வழங்கிற்று. 1907-இல் கல்வி அமைச்சகத்தில் அமைக்கப்பட்ட எழுத்து ஆய்வு நிறுவனத்தில் உறுப்பினரானார். அக்குழு 1909-இல் அளித்த அறிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. 1908-இல் தம் மாணவர்களோடு சேர்ந்து மொழி ஆய்வுக் கழகம் ஒன்றை நிறுவினார். அரசு செய்யாததை அந்தக் கழகம்தான் பின்னாளில் செய்தது.

அவருடைய இலக்கண நூல் வெளிவந்த நான்காம் மாதத்தில், 1910 ஆகஸ்ட் 29 அன்று, கொரியாவை ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. அன்று முதல் 'தேசிய மொழி' என்றால் ஜப்பானிய மொழி என்றாயிற்று. சொந்த மண்ணில் சொந்த மொழியின் பெயரை ஜூ இழந்தார். நூலின் தலைப்பைக்கூட 1911-இல் 'சோசன் மொழி இலக்கணம்' என்று மாற்ற நேர்ந்தது. இந்த நெருக்கடியில்தான் எழுத்துக்கு 'ஹங்குல்' என்ற பெயர் பிறந்தது. அதைச் சூட்டியவர் ஜூவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவருடைய கழகம் 1913-இல் அப்பெயரைத் தாங்கியது.

அதே காலத்தில் 'மல்மோய்' என்னும் அகராதிப் பணியையும் கிம் து-போங் உள்ளிட்ட மாணவர்களோடு தொடங்கினார். சொற்களைத் திரட்டுதல் என்பது அதன் பொருள். பணி நிறைவேறுமுன், 1914 ஜூலை 27 அன்று, திடீர் நோயால் ஜூ மறைந்தார். எஞ்சிய கையெழுத்துப் படியைத் தென்கொரிய அரசு 2020-இல் 'செல்வம்' என்னும் மரபுச்சின்ன வகையில் சேர்த்து அறிவித்தது.

அவருடைய எல்லாக் கருத்துகளும் நிலைக்கவில்லை. வழக்கொழிந்த ஓர் உயிரெழுத்தின் பழைய ஒலி பற்றி அவர் கூறிய விளக்கம் பிற்கால ஆய்வில் தள்ளப்பட்டது. எழுத்துகளை அசைக் கட்டங்களாக அடுக்காமல் ஆங்கிலம்போல் வரிசையாக எழுதலாம் என்ற யோசனையும் ஏற்கப்படவில்லை. அவர் ஆக்கிய சுருக்கக் கலைச்சொற்களுக்குப் பதிலாகத் தென்கொரியப் பள்ளிகளில் இன்று சீன வேர்ச் சொற்களே பெரிதும் வழங்குகின்றன. ஈறுகளைத் தனிச்சொற்களாகக் கொண்ட அவர் முறையை, மாணவர் சோ ஹியோன்-பே 1937-இல் வெளியிட்ட இலக்கண நூலில் திருத்தினார்.

ஆசிரியரைத் திருத்தும் மாணவர்களை உருவாக்கியதே ஜூவின் பெரிய சாதனை எனலாம். அவர்களே 1933-இல் எழுத்து ஒருமைப்பாட்டு விதிகளை வகுத்தனர். அகராதிப் பணியைத் தொடர்ந்தவர்கள்மீது 1942-இல் ஜப்பானிய அரசு பாய்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். இருவர் சிறையிலேயே மாண்டனர். பறிமுதலான கையெழுத்துப் படிகள், விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தன. 1947 முதல் 1957 வரை ஆறு தொகுதிகளாக, 1,64,000-க்கும் மேற்பட்ட சொற்களுடன் பேரகராதி வெளிவந்தது. ஆசிரியர் தொடங்கிய பணியை மாணவர் தலைமுறை முடித்து வைத்தது.

நாடு இரண்டான பின் கிம் து-போங் வடக்கே சென்று முதல் கிம் இல்-சுங் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார். சோ ஹியோன்-பே தெற்கே பாடநூல் ஆக்கத்துக்குப் பொறுப்பேற்றார். போரும் வேலியும் பிரித்த பின்னும், ஒரு பக்கத்தில் எழுதியதை மறுபக்கத்தில் உள்ளவர் இன்றும் படிக்க முடிகிறதென்றால், இரு பக்கத்து எழுத்து விதிகளுக்கும் ஊற்று ஒருவரே என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மொழியைப் போற்றிப் பேசுவது எளிது. ஒரு சொல்லை எப்படி எழுதுவது, உருபுக்கு என்ன இடம் தருவது, அகராதியில் அடுத்த சொல்லுக்கு என்ன பொருள் எழுதுவது என்று நாள்தோறும் உழைப்பது கடினம். அதற்குக் கைதட்டலும் கிடைக்காது. ஆட்சி கைவிட்டுப் போன காலத்தில் கொரிய மொழியைக் காத்தது அந்த உழைப்புதான். தாய்மொழியின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படும் எந்தச் சமூகமும் அந்தப் புத்தக மூட்டையை நினைவில் கொள்ள வேண்டும்.