வக்கீல் இல்லாமல் நோபல் எழுதிய உயில்... பரிசு கொடுக்கவே 5 ஆண்டு ஆனது ஏன்?

அக்டோபர் வந்தாலே நோபல் பரிசு அறிவிப்புதான் பேச்சு. சர் சி.வி. ராமனுக்கு 1930-லும், சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு 1983-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு 2009-லும் கிடைத்தது இந்தப் பரிசுதான். ஆனா, இது தொடங்காமலே போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. காரணம், ஆல்ஃபிரட் நோபல் தன் கைப்பட எழுதிய ஒரு உயில்.

யார் இந்த நோபல்?

1833 அக்டோபர் 21-ல் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். அந்தச் சமயத்தில் அப்பா இமானுவேல் தொழிலில் நொடித்துப்போயிருந்தார். பிறகு குடும்பம் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போனது. ஆல்ஃபிரட் படித்து வளர்ந்தது அங்கேதான்.

நைட்ரோகிளிசரின் என்ற வெடிதிரவத்தை ஆபத்து இல்லாமல் கையாள வழி தேடினார். 1864-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த வெடிவிபத்தில் அவருடைய தம்பி எமில் உட்பட பலர் பலியானார்கள். ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். வாழ்நாளில் மொத்தம் 355 காப்புரிமைகள். ஐரோப்பா முழுக்கத் தொழிற்சாலைகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை.

வக்கீல்கள் மீது ஏன் கோபம்?

காப்புரிமைத் தகராறுகளால் நோபல் வாழ்க்கையில் கோர்ட், கேஸ் என்பது ஓயவே இல்லை. புகையில்லா வெடிமருந்து தொடர்பாக பிரிட்டனில் நடந்த கார்டைட் வழக்கில் 1895-ல் தோற்றார். வக்கீல்கள் என்றாலே அவருக்கு ஆகாது.

அதே 1895-ல், நவம்பர் 27-ஆம் தேதி, பாரிஸில் இருந்த ஸ்வீடன்-நார்வே கிளப்பில் தன் கடைசி உயிலில் கையெழுத்துப் போட்டார். ஸ்வீடிஷ் மொழியில், வக்கீல் யாருடைய உதவியும் இல்லாமல் அவரே எழுதியது. 4 பேர் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள். முன்பு எழுதிய உயில்கள் செல்லாது என்றும் இதிலேயே எழுதிவிட்டார்.

1896 டிசம்பர் 10-ல் இத்தாலியின் சான் ரெமோவில் நோபல் காலமானார். உயில் வெளியே வந்தது. ஸ்வீடனே ஆடிப்போனது.

உயிலில் என்ன இருந்தது?

அண்ணன் மகன்கள் ஹயால்மர், லுட்விக் இருவருக்கும் தலா 2 லட்சம் குரோனர். இன்னொரு அண்ணன் மகன் இமானுவேலுக்கு 3 லட்சம். வேறு சிலருக்கும் சிறு சிறு தொகைகள்.

மிச்சம் இருந்த பெரும்பகுதி, சுமார் 3 கோடியே 10 லட்சம் குரோனர். அதை முதலீடு செய்து, வரும் வட்டியை 5 பங்காக்கி, இயற்பியல், வேதியியல், மருத்துவம், இலக்கியம், அமைதி ஆகிய துறைகளில் மனிதகுலத்துக்குப் பெரும் நன்மை செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் பரிசாகத் தர வேண்டும். இதுதான் உயிலின் சாரம்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் ஓட்டை: பெரும்பகுதி சொத்தை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. ஒரு நிதியம் என்று எழுதினாரே தவிர, அப்படி ஒரு அமைப்பு அப்போது கிடையாது.

இரண்டாவது: பரிசுக்கு ஆள் தேர்வு செய்யச் சொன்ன நிறுவனங்களிடம் முன்கூட்டி சம்மதம் வாங்கவில்லை. அமைதிப் பரிசை நார்வே நாடாளுமன்றம் அமைக்கும் குழுவிடம் விட்டது ஸ்வீடனில் பலரைக் கொதிக்க வைத்தது. அப்போது இரு நாடுகளும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன; உறவு சரியில்லை.

மூன்றாவது: தன் நிரந்தர வசிப்பிடம் எது என்று அவர் எழுதவில்லை. பாரிஸிலும் வீடு, சான் ரெமோவிலும் வீடு, ஸ்வீடனில் போஃபர்ஸ் ஆலை பக்கத்தில் ஒரு மாளிகை. எந்த நாட்டுச் சட்டம் செல்லும்? பிரான்ஸ் என்று முடிவானால் உயிலே செல்லாமல் போகலாம், வரியும் கடுமையாக இருக்கும்.

துப்பாக்கியுடன் குதிரை வண்டியில்...

நோபல் சரியாகச் செய்த ஒரு காரியம், உயிலை நிறைவேற்ற இருவரைப் பெயர் சொல்லி நியமித்தது. ஒருவர் பொறியாளர் ருடால்ஃப் லில்யக்விஸ்ட். இன்னொருவர் நோபலிடம் உதவியாளராக இருந்த ராக்னர் சோல்மன். அப்போது வயது வெறும் 26.

இருவருக்கும் சட்டம் தெரியாது. அதனால் முதலில் தேடிப் பிடித்தது ஒரு சட்ட நிபுணரைத்தான். அவர் கார்ல் லிண்ட்ஹாகன். போஃபர்ஸ் இருந்த கார்ல்ஸ்கோகா வட்டார நீதிமன்றத்தில்தான் உயில் விசாரிக்கப்பட வேண்டும் என்பதே அவர்கள் எடுத்த நிலைப்பாடு. கடைசியில் அதுவே வென்றது.

அதற்குள் பாரிஸ் வங்கியில் இருந்த பத்திரங்களை உறவினர்கள் முடக்கிவிடலாம் என்ற பயம். சோல்மன் அவற்றைக் குதிரை வண்டியில் ஏற்றி, கையில் ரிவால்வருடன் உட்கார்ந்து, ஸ்வீடன் தூதரக அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பார்சல் பார்சலாக லண்டனுக்கும் ஸ்டாக்ஹோமுக்கும் அனுப்பினார்.

முடிவு வந்தது எப்படி?

ஹயால்மரும் லுட்விக்கும் உயிலை எதிர்த்தார்கள். மன்னர் இரண்டாம் ஆஸ்கருக்கும் இந்த உயில் பிடிக்கவில்லை. 1898-ல் இமானுவேலை அழைத்து, உயிலை மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்.

இமானுவேல் நடத்திய ரஷ்ய எண்ணெய் கம்பெனியின் பங்குகளும் இந்தச் சொத்தில் இருந்தன. அவை விற்கப்பட்டால் அவருக்குத்தான் நஷ்டம். இருந்தும் சித்தப்பாவின் கடைசி ஆசைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அதே ஆண்டு மற்ற உறவினர்களும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு சமரசத்துக்கு வந்தார்கள்.

1900 ஜூன் 29-ல் நோபல் அறக்கட்டளையின் விதிகளுக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. உயிலில் வெறும் நிதியம் என்று இருந்ததற்கு அன்றுதான் சட்டப்படி உருவம் வந்தது. முதல் பரிசுகள் 1901 டிசம்பர் 10-ல், நோபலின் 5-வது நினைவு நாளில் வழங்கப்பட்டன.

வாரிசு அமைப்பு எது, வசிப்பிடம் எது, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதம் இருக்கிறதா? இந்த மூன்றையும் ஒரு வக்கீல் முதல் நாளே கேட்டிருப்பார். வக்கீலே வேண்டாம் என்று நோபல் எழுதிய உயிலைக் கடைசியில் காப்பாற்றியதும் ஒரு சட்ட நிபுணரின் உதவிதான்.