ஆண் வேடத்தில் ஒரு வெண்கலக் குரல்

ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் கூத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். விடிய விடிய நடக்கும் அந்தக் கூத்தில் திரௌபதி வேடம் கட்டுகிறவர் பெரும்பாலும் ஆண்தான். அவர் குரலை உயர்த்தி அழுது பாடினால், முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியும் சேர்ந்து அழுவாள். பாடுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதுகூட அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அழுவாள்.

ஆண் பெண்ணாகப் பாடினால் ஒப்புக்கொண்டார்கள். பெண் ஆணாகப் பாடினால்?

கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். கை தட்டினார்கள். பணத்தைக் கொட்டிக் கொடுத்தார்கள். ஒரு தடவை வயிறு குலுங்கச் சிரிக்கவும் செய்தார்கள்!

ரயிலில் பாடிய சிறுமி

சுந்தராம்பாள் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ம் ஆண்டு பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். வீட்டில் வறுமை. சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். அந்தப் பாட்டைக் கேட்ட ஒருவர் அவளை வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்.

முதலில் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? நல்லதங்காளின் மகன்! பசியால் துடிக்கும் பையனாக அந்தப் பெண் குழந்தை மேடை ஏறினாள்.

அந்தக் காலத்தில் நாடகக் கம்பெனிகளில் பையன்களுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. அதன் பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைந்து கரகரவென்று ஆகும். நேற்று வரை சீதையாகவும் வள்ளியாகவும் பாடிக் கைதட்டல் வாங்கிய பையன், இன்று வாயைத் திறந்தால் தவளை கத்துவதுபோல் இருக்கும். அதோடு அவனுடைய நல்ல வேடம் போய்விடும். சில பேருக்குப் பிழைப்பே போய்விடும்.

பெண்ணாகப் பிறந்த சுந்தராம்பாளுக்கு அந்தப் பயம் இல்லை. ஆண் வேடத்துக்கு வந்த குரல் கடைசி வரை உடையவே இல்லை. ஸ்திரீபார்ட்டும் நடித்தார், ராஜபார்ட்டும் நடித்தார்.

இரண்டு உச்சக் குரல்கள்

மைக் வராத காலம் அது. கொட்டகையில் கடைசி வரிசையில் தரையில் இருப்பவனும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறான். அவனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். தாழ்ந்த குரல் நாலாவது வரிசையோடு நின்றுவிடும். உச்சக் குரல்தான் கூட்டத்தின் இரைச்சலைப் பிளந்துகொண்டு போகும். ஆகவே ராஜாவாக நடிக்கும் ஆணும் மேலே ஏறித்தான் பாடவேண்டும். கட்டைக் குரல்தான் ஆணுக்கு அழகு என்பதெல்லாம் மைக் வந்த பிறகு பரவிய பேச்சு என்றே சொல்லலாம்.

அந்த உச்சத்துக்கு அரசர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். வாலிபரான பிறகும் அவருடைய குரல் மேலேயே நின்றது. இலங்கையில் சுந்தராம்பாளின் நாடகங்கள் ஓகோ என்று நடந்துகொண்டிருந்தபோது கிட்டப்பாவும் அங்கே போனார். அந்த அம்மாவுக்கு முன்னால் உங்கள் பாட்டு நிற்குமா என்று அவரைச் சிலர் பயமுறுத்தினார்களாம். இரண்டு பேரும் ஒரே மேடையில் பாடினார்கள். யாரும் தோற்கவில்லை. ஜனங்களுக்குத்தான் லாபம்! 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிறகு மனஸ்தாபம் வந்தது, பிரிவும் வந்தது. 1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

லட்ச ரூபாய் நந்தனார்

சினிமாக்காரர்கள் விடவில்லை. நந்தனார் கதையைப் படம் எடுக்க அசன்தாஸ் என்பவர் வந்தார். எப்படியாவது தட்டிக் கழிக்கவேண்டும் என்று அம்மையார் ஒரு லட்ச ரூபாய் கேட்டார் என்று சொல்வார்கள். ஒரு பவுன் முப்பது ரூபாய்க்குள் கிடைத்த காலம்! கேட்டவர் ஓடிப்போவார் என்று நினைத்தால், அவர் சரி என்று தலையாட்டிவிட்டார்.

யோசித்துப் பார்த்தால் அந்த வேடம் அம்மையாரின் விரதத்துக்கு எவ்வளவு பொருத்தம்! நந்தனாருக்கு ஜோடி கிடையாது. காதல் பாட்டு கிடையாது. சிதம்பரம் போகவேண்டும் என்ற ஒரே ஏக்கம்தான். பெண் வேடம் போட்டால் எதிரே ஒரு கதாநாயகன் வந்து நிற்பான். ஆண் வேடம் போட்டதால் யாரும் வரவில்லை. விரதத்தைக் காப்பாற்றியது அந்த வேஷ்டிதான்.

1935-ல் படம் வெளிவந்தது. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். பெரிய சங்கீத வித்வான். ஆண் வித்வான் ஒரு பக்கம், ஆண் வேடத்தில் பெண் ஒரு பக்கம். தியேட்டரில் கூட்டத்துக்குக் குறைச்சல் இருக்குமா?

ஆனால் கல்கி சும்மா இருப்பாரா! ஆனந்த விகடனில் விமரிசனம் எழுதினார். படத்தில் வரும் மரங்களும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாக மெச்சிக்கொண்டார். மனிதர்களின் நடிப்புக்கு அதற்குப் பிறகுதான் இடம். நாடே சிரித்தது. படமும் எதிர்பார்த்தபடி போகவில்லை.

இன்னொரு பெண்ணாக இருந்தால் மூலையில் உட்கார்ந்திருப்பார். அம்மையார் காங்கிரஸ் மேடைகளில் ஏறினார். சத்தியமூர்த்தி பேசும் கூட்டங்களில் அவர் பாட, ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடினார்கள்.

பாட்டி வேடம்

அதன் பிறகு சினிமாவில் அவர் தேர்ந்தெடுத்த வேடங்களைப் பாருங்கள். 1940-ல் துறவியான மணிமேகலை. 1953-ல் வாசனின் ஜெமினி எடுத்த அவ்வையார். 1964-ல் பூம்புகாரில் கவுந்தி அடிகள். எதிலும் ஜோடி இல்லை. முதுமை வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியவர் அவ்வையார் என்பது கதை. அம்மையாருக்கு அதைக் கேட்டு வாங்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. 25 வயதிலேயே வாங்கிவிட்டார்.

1965-ல் திருவிளையாடல் வந்தது. கோபித்துக்கொண்டு மலை ஏறிவிட்ட முருகனைச் சமாதானம் செய்ய அவ்வையாக வந்து பாடினார். அப்போது அவருக்கு வயது 56. குரல் ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1980-ல் காலமானார். ஆடி கிருத்திகை வந்தால், முருகன் கோவில் ஒலிபெருக்கியில் முதலில் வைக்கிற பாட்டுகளில் அவருடைய பாட்டு இன்றும் ஒன்று.