சுரங்கத்திலிருந்து சுகாதார அமைச்சுக்கு: அனைரின் பெவனும் மருத்துவமனை வாரியங்களும்

பிரிட்டனின் இலவச மருத்துவம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அனைரின் பெவன். 1948 ஜூலை 5ஆம் தேதி அங்கு தேசிய சுகாதாரச் சேவையைத் தொடக்கி வைத்த சுகாதார அமைச்சர் அவர். அந்தச் சாதனையைப் பலரும் அறிவர். ஆனால் மருத்துவமனைகளை யார் நடத்துவது, நடத்துகிறவர்களிடம் யார் கணக்குக் கேட்பது என்ற கேள்வியோடு அவர் பட்ட பாடு அதிகம் பேசப்படுவதில்லை.

தெற்கு வேல்ஸில் உள்ள டிரெடீகர் ஒரு நிலக்கரி ஊர். அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் 1897 நவம்பர் 15ஆம் தேதி பெவன் பிறந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்த குடும்பம். 13 வயதில் பள்ளியை விட்டுவிட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். அவருக்குத் திக்குவாய். வராத சொல்லுக்குப் பதிலாக வேறு சொல்லைத் தேடிப் பிடிப்பதற்காகவே தொழிலாளர் நூலகத்தில் படித்துக் குவித்தார். பின்னாளில் நாடாளுமன்றத்தை அதிர வைத்த பேச்சாளராக அவர் உருவானது இப்படித்தான். நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து நோயுற்ற தந்தை, 1925இல் மகனின் கைகளிலேயே உயிர்விட்டார்.

அந்த ஊரில் தொழிலாளர்களே நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் ஒன்று இருந்தது. சம்பளத்தில் ஒரு பவுனுக்கு மூன்று பென்ஸ் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் மருத்துவர், மருந்து, மருத்துவமனைப் படுக்கை எல்லாம் கிடைத்தன. ஊர் மக்களில் மிகப் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் இருந்தனர். தோட்டத்தில் டிரெஸ்ஸரிடம் மருந்து வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே புலப்படும். நம் டிரெஸ்ஸருக்குச் சம்பளம் தந்தது தோட்ட நிர்வாகம். அவர் பயப்பட வேண்டியதும் நிர்வாகத்துக்குத்தான். டிரெடீகரில் மருத்துவருக்குச் சம்பளம் தந்தது தொழிலாளி. சங்கத்தின் குழுவில் அமர்ந்தவர்களும் தொழிலாளர்களின் ஆட்களே. மருத்துவர் வரவில்லை, மருந்து சரியில்லை என்றால், தெருவில் எதிர்ப்படும் குழு உறுப்பினரையே நிறுத்திக் கேட்டுவிடலாம்.

1922இல் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெவன், ஊர் மருத்துவமனைக் குழுவிலும் பணியாற்றினார். 1929இல் எபு வேல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1945இல் தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்ததும், பிரதமர் அட்லி அவரைச் சுகாதார அமைச்சராக்கினார். அப்போது அவருக்கு வயது 47.

அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,600க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் இருந்தன. சில, நன்கொடை திரட்டிப் பிழைத்தவை. மற்றவை ஊராட்சி மன்றங்களின் கையில் இருந்தன. பணக்கார ஊரில் நல்ல மருத்துவமனை, ஏழை ஊரில் ஓட்டைக் கட்டடம் என்பதே நிலை. இவை அனைத்தையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெவன் முடிவு செய்தார்.

எதிர்ப்பு அமைச்சரவைக்குள்ளேயே கிளம்பியது. லண்டன் மாவட்ட மன்றத்தை வழிநடத்திய ஹெர்பர்ட் மோரிசன், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களிடமிருந்து மருத்துவமனைகளைப் பறிக்கக் கூடாது என்று வாதிட்டார். அது நியாயமான வாதம் என்பதை மறுக்க முடியாது. பெவனின் பதில் பணத்தைப் பற்றியது. செலவு முழுவதையும் நாட்டின் கருவூலம் தரும்போது, அந்தப் பணத்துக்கு நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல ஓர் அமைச்சர் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஊராட்சி மன்றங்களின் கீழ் வேலை செய்ய மருத்துவர்களும் ஒப்பவில்லை. அட்லி பெவன் பக்கம் நின்றார்.

1946ஆம் ஆண்டுச் சட்டம் இப்படித்தான் அமைந்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 14 வட்டார மருத்துவமனை வாரியங்கள். அவற்றின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் அமைச்சர். வாரியங்களின் கீழே நூற்றுக்கணக்கான நிர்வாகக் குழுக்கள். அவற்றின் உறுப்பினர்களை நியமிப்பது வாரியம். மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகளுக்கோ தனி ஆளுநர் குழுக்கள். சம்பளமில்லாத பதவிகள் இவை. இத்தனை அடுக்குகளில் ஓர் இடத்தில்கூட நோயாளியின் ஓட்டு இல்லை.

ஓட்டுக்கு ஈடாக பெவன் வைத்தது நாடாளுமன்றத்தை. இதன் அருமை தெரிய, அதே அரசாங்கம் 1947இல் நாட்டுடைமையாக்கிய நிலக்கரிச் சுரங்கங்களைப் பார்க்க வேண்டும். நிலக்கரி வாரியத்தின் அன்றாட நடப்பு பற்றி அமைச்சரிடம் கேள்வி கேட்க உறுப்பினர்களுக்கு வழியில்லை. அது வாரியத்தின் பாடு என்று சொல்லிவிடலாம். மருத்துவமனை வாரியங்களோ சட்டப்படி அமைச்சரின் முகவர்கள். எந்த மூலையில் உள்ள மருத்துவமனையைப் பற்றியும் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்கலாம். கேள்வி அமைச்சிலிருந்து வாரியத்துக்கும், அங்கிருந்து நிர்வாகக் குழுவுக்கும் போய், பதிலாகத் திரும்ப வேண்டும். டிரெடீகர் மருத்துவமனையில் நோயாளியின் மலத்தட்டு கீழே விழுந்தாலும் அந்தச் சத்தம் நாடாளுமன்றம் வரை கேட்கும் என்ற பொருளில் அவர் பேசியதாக இன்றும் சொல்வார்கள்.

முதலில் பெரிதாகக் கேட்டது காசுச் சத்தம்தான். பல்லுக்கும் கண்ணாடிக்கும் மக்கள் திரண்டனர். 1949 தொடக்கத்திலேயே பெவன் கூடுதல் ஒதுக்கீடு கேட்டு நாடாளுமன்றத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று. வாரியங்கள் தாங்களாக வரி விதிக்கவில்லை, ஆனால் செலவு செய்தன. அவற்றை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று உறுப்பினர்கள் துருவினர். நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழு 1951இல் வட்டார வாரியங்களையும் நிர்வாகக் குழுக்களையும் தனியாகவே எடுத்து ஆராய்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கும் வரவு செலவுத் திட்டத்தை ஏற்க மறுத்து பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். அப்போது அவர் தொழிலாளர் துறை அமைச்சர். சுகாதாரப் பொறுப்பு கைமாறியிருந்தாலும், அந்தச் சேவைக்காகவே பதவியை விட்டார்.

பதவி போன பிறகு அவர் செய்த காரியம் குறிப்பிடத்தக்கது. 1952இல் வெளிவந்த 'இன் பிளேஸ் ஆஃப் ஃபியர்' என்ற தமது நூலில், தாமே கட்டிய வாரிய முறையின் குறையை ஒப்புக்கொண்டார். இவ்வளவு பரந்த நாட்டில் தக்க ஆட்களைத்தான் நியமிக்கிறோம் என்று எந்த அமைச்சரும் மனநிறைவு கொள்ள முடியாது, நியமனத்தைவிடத் தேர்தலே மேல் என்று எழுதினார். ஊராட்சி அமைப்பே மாற்றி அமைக்கப்பட்டால் வழி பிறக்கலாம் என்பது அவர் எண்ணம். மோரிசனின் வாதத்தில் பாதியை ஏழு ஆண்டு கழித்து ஏற்றுக்கொண்டது போலத்தான் இது. சொந்தத் திட்டத்தைப் பற்றி இப்படி எழுத அரசியல்வாதிகள் பலருக்கு மனம் வராது.

1960 ஜூலை 6ஆம் தேதி, 62 வயதில், புற்றுநோயால் பெவன் காலமானார். அவரது சாம்பலை டிரெடீகருக்கு மேலே உள்ள மலையில் தூவினர்.

அவர் அஞ்சிய குறை பின்னர் வேல்ஸிலேயே வெளிப்பட்டது. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றிய நோயாளிகள் கொடுமைப்படுத்தப்பட்டதை, 1967இல் அங்கு வேலை செய்த ஓர் ஊழியர் பத்திரிகைக்குச் சொன்னார். நிர்வாகக் குழு இருந்தது, மேலே வேல்ஸ் வாரியம் இருந்தது. எதுவும் நாடாளுமன்றத்தின் காதுக்கு எட்டவில்லை. ஜெஃப்ரி ஹவ் தலைமையில் விசாரணை நடந்தது. சுருக்கத்தை மட்டும் வெளியிட்டால் போதும் என்ற யோசனையைத் தள்ளி, அமைச்சர் ரிச்சர்ட் கிராஸ்மேன் 1969 மார்ச்சில் முழு அறிக்கையையும் நாடாளுமன்றத்தில் வைத்தார். மருத்துவமனைகளுக்கு நேரில் சென்று பார்த்து அறிக்கை தரத் தனிக் குழு பிறந்தது அதன் பிறகுதான். வட்டார வாரியங்கள் 1974இல் கலைக்கப்பட்டன.

இன்று டிரெடீகர் வட்டாரத்தின் மருத்துவமனைகளை நடத்தும் சுகாதார வாரியம் பெவன் பெயரையே தாங்கியிருக்கிறது. அது 2009இல் அமைந்தது. வேல்ஸ் நாடாளுமன்றக் குழுக்கள் அதன் நிர்வாகிகளை அழைத்துக் கேள்வி கேட்கின்றன. வாரியத் தலைவரை இன்றும் அமைச்சர்தான் நியமிக்கிறார்.