ஜிம் கிரே

ஜிம் கிரே எனப் பரவலாக அறியப்படும் ஜேம்ஸ் நிக்கலஸ் கிரே (பிறப்பு: சனவரி 12, 1944, காணாமல் போனது: சனவரி 28, 2007) ஓர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஆவார். ஒரே தரவுத்தளத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது தரவு பிழைபடாமலும் பணி முடங்காமலும் காக்கும் முறைகளை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். 1998 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

கல்வியும் பணியும்

கிரே சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1969 இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்குக் கணினி அறிவியல் துறையில் இப்பட்டம் பெற்ற முதல் மாணவர் இவரே. 1970களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஒசே ஆய்வுக்கூடத்தில், தொடர்புசார் தரவுத்தளத்தின் முன்னோடியான சிஸ்டம் ஆர் திட்டத்தில் பணியாற்றினார். பின்னர் டாண்டெம், டெக், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்களில் பணிபுரிந்தார்.

பூட்டுகளின் அளவு

ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இருவர் ஒரே நொடியில் பணம் எடுத்தால், பழைய இருப்பையே இருவரும் படித்துக் கணக்கு தவறிவிடக்கூடும். இதைத் தடுக்க, ஒருவரது பரிமாற்றம் முடியும் வரை அத்தரவு பூட்டப்படுகிறது. அட்டவணை முழுவதையும் பூட்டுவது எளிது; ஆனால் மற்ற அனைவரும் காத்திருக்க நேரும். வரிசைகளைத் தனித்தனியே பூட்டினால் பலர் இணையாகப் பணிபுரியலாம். ஆனால் பூட்டுகளின் எண்ணிக்கை பெருகிவிடும். மேலும், அட்டவணை முழுவதும் தேவைப்படும் ஒருவர் அதன் ஒவ்வொரு வரிசையையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

கிரே, லோரி, புட்சோலு, டிரைகர் ஆகியோர் 1976 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்குத் தீர்வு கூறியது. வரிசையைப் பூட்டும் முன், மேலே உள்ள அட்டவணையில் 'நோக்கப் பூட்டு' என்னும் அடையாளம் இடப்படுகிறது. நோக்கப் பூட்டுகள் ஒன்றையொன்று தடுப்பதில்லை. அட்டவணை முழுவதையும் மாற்ற வருபவர் அந்த அடையாளத்தைக் கண்டு காத்திருப்பார். எஸ்கியூஎல் சர்வர், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்கள் இம்முறையைப் பின்பற்றுகின்றன.

முட்டுக்கட்டை நிலை

முதல் பரிமாற்றம் தன் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதன் பூட்டுக்காகவும், இரண்டாவது முதலாவதன் பூட்டுக்காகவும் காத்திருந்தால் இரண்டும் ஒருபோதும் நகரா. இது முட்டுக்கட்டை நிலை எனப்படும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்பதைக் கோட்டுருவாக வரைந்து, அதில் வளையம் உள்ளதா எனக் கணினி பார்க்கிறது. வளையம் இருப்பின் ஒரு பரிமாற்றம் கைவிடப்படுகிறது. அது செய்த மாற்றங்கள் பதிவேட்டின் துணையுடன் நீக்கப்பட்டு, பூட்டுகள் விடுவிக்கப்படுகின்றன, மற்றது தொடர்கிறது. கைவிடப்பட்டதை மீண்டும் தொடங்கலாம். ஒரு பரிமாற்றம் முழுமையாக நிகழவேண்டும், இன்றேல் நிகழாததற்கு ஒப்பாக வேண்டும் என்ற கொள்கையாலேயே இது பாதுகாப்பானதாகிறது. இவற்றை விரிவாக விளக்கும் நூலை ஆண்ட்ரியாஸ் ராய்ட்டருடன் இணைந்து 1993 இல் வெளியிட்டார்.

மறைவு

2007 சனவரி 28 அன்று, தம் தாயின் அத்தியைக் கடலில் கரைப்பதற்காக, டெனேஷியஸ் என்னும் பாய்மரப் படகில் ஃபாரல்லோன் தீவுகளை நோக்கித் தனியே சென்ற கிரே திரும்பவில்லை. கடலோரக் காவல் படையினரின் தேடுதல் பலனளிக்கவில்லை. நண்பர்கள் செய்மதிப் படங்களைப் பெற்றனர். அவற்றை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையம் வழியே பகுதி பகுதியாக ஆராய்ந்தனர். செய்மதிப் படங்களைப் பொதுமக்கள் இணையத்தில் காண வழிசெய்த டெராசர்வர் தளத்தை 1998 இல் உருவாக்கியவர்களுள் கிரேயும் ஒருவர். படகோ அவரது உடலோ கிடைக்கவில்லை. ஐந்தாண்டுகள் காத்திருப்பிற்குப் பின், 2012 இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.