நீருக்குள் ஒளி கண்ட மேதை: சர் சி.வி. இராமன்

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். சிந்தித்து உணருமாறு மாந்தரை அழைக்கும் திருமறையும் நீரை இறைவனின் பேரருட்கொடையாகவே காட்டுகிறது. ஆயினும், தெளிந்த நீர் என்று நாம் கண்ணாற் கண்டு கூறும் நீர் உண்மையிலேயே தெளிந்ததுதானா? அதனுள் கரைந்திருப்பவை எவை? இவ்வினாக்களுக்கு விடை கூற வல்லது ஒளி.

ஒளியைச் சோதனை வழியே ஆராயும் நெறிக்குப் பதினோராம் நூற்றாண்டிலேயே அடித்தளம் இட்டவர், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்க்கும் வழிகாட்டியது. அந்நெறியில் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பின், நம் காவிரிக்கரையில் பிறந்த ஒருவர் தூய நீரில் ஒளியைச் செலுத்தி, உலகம் அறியாத உண்மை ஒன்றைக் கண்டார். அவரே சர் சந்திரசேகர வேங்கட இராமன். அவர்தம் வாழ்வை ஈண்டு நோக்குவோம்.

பிறப்பும் கல்வியும்

1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாக இராமன் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியராகப் பணியேற்கவே, இளமைக் கல்வி அங்கேயே அமைந்தது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904-இல் இளங்கலைப் பட்டமும், 1907-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். மாணவராய் இருந்தபோதே, 1906-இல், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அக்கட்டுரையும் ஒளியைப் பற்றியதே என்பது எண்ணி மகிழத்தக்கது.

அலுவலும் ஆய்வும்

அறிவியலை மட்டும் நம்பி வாழ இயலாத காலம் அது. ஆகவே இராமன் நிதித்துறைத் தேர்வெழுதி முதலிடம் பெற்று, 1907-இல் கல்கத்தாவில் உயர்கணக்கு அலுவலராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் ஆய்வாளர் இன்றி வாடிக் கிடந்தது. அலுவல் நேரத்திற்கு முன்னும் பின்னும் அங்குச் சென்று இராமன் ஆய்வு செய்தார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியை அளித்தபோது, ஊதியம் குறைவெனத் தெரிந்தும் அரசுப் பணியைத் துறந்து அதனை ஏற்றார்.

கடலின் நீலம்

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடைபெற்ற பல்கலைக்கழகங்களின் மாநாட்டிற்குச் சென்று, 'நர்குண்டா' என்னும் கப்பலில் தாயகம் திரும்பினார். நடுநிலக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெரிகிறது என்பது பேரறிஞர் ரேலி பிரபுவின் கருத்து. இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. கையில் இருந்த நிகோல் பட்டகம் என்னும் சிறு கருவியால், நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வானொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, மேலும் ஆழ்ந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று முடிவு கட்டினார். நீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும் அந்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்றைய அறிவியல் உணர்த்துகிறது. ஆயினும் நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது என்ற அவருடைய அடிப்படைக் கருத்து நிலைபெற்றுவிட்டது.

அழுக்கா? இயல்பா?

இனி வருவதே இவ்வாழ்வின் உயிர்ப்பகுதி எனலாம். 1923-இல் இராமனின் மாணவர் கே.ஆர். இராமநாதன், நீரில் ஊதா நிற ஒளியைச் செலுத்திச் சிதறலை ஆராய்ந்தார். செலுத்திய ஒளியில் இல்லாத வேறு நிற ஒளி ஒன்று மிக மங்கலாக உடன் வந்தது. சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் ஒளிரும் இயல்புடையன. உடனொளிர்வு என்று இதனைக் கூறுவர். நீரில் கலந்துள்ள மாசு ஏதோ உடனொளிர்கிறது என்றே முதலில் கருதினர். நீரை மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்தனர். மாசு நீங்கினால் ஒளியும் நீங்கவேண்டும் அன்றோ? நீங்கவில்லை!

வேறொருவராயின் தம் வடித்தலைக் குறைகூறி, அவ்வளவில் விட்டிருப்பர். இராமன் விடவில்லை. வேறு நீர்மங்களிலும் அவ்வொளி தோன்றுவதை அவர்தம் குழுவினர் கண்டனர். 1928-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேங்கடேசுவரன் தூய கிளிசரினில் ஆராய்ந்தபோது, அவ்வொளியின் அதிர்வுகள் பெரிதும் ஒரு தளத்தில் அமைந்திருந்தன. வழக்கமான உடனொளிர்விற்கு இப்பண்பு பொருந்தாது. உடனே, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனைத் துணைக்கொண்டு இராமன் முழுமூச்சாக ஆய்வில் இறங்கினார். ஏறத்தாழ 60 நீர்மங்கள் ஆராயப்பட்டன. 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலை காட்டும் கருவி வழியே நோக்கியபோது ஐயம் அகன்றது. ஒளி மூலக்கூறில் மோதும்போது தன் ஆற்றலில் ஒரு பங்கை அதற்கு ஈந்து, நிறம் மாறி வெளியேறுகிறது! மாசு என்று கருதியது நீரின் இயல்பாகவே இருந்தது.

இராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் 'நேச்சர்' இதழில் அச்செய்தி வெளிவந்தது. 1930-இல் இராமனுக்கு நோபெல் பரிசு கிட்டியது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு ஒருவர்க்கு உரியதாயினும், இராமநாதன், வேங்கடேசுவரன், கிருஷ்ணன் ஆகியோரின் உழைப்பையும் நாம் மறத்தல் ஆகாது.

நீரையும் மண்ணையும் அளக்கும் கோல்

இக்கண்டுபிடிப்பின் பயன்களுள் பலரும் அறியாத ஒன்றை ஈண்டுக் கூற விழைகிறோம். மண்ணில் விழும் இலைதழைகள் மட்கிக் கரிமப் பொருள்களாகின்றன. மழைநீர் அவற்றைக் கரைத்து ஆற்றிலும் ஏரியிலும் சேர்க்கிறது. சில நீர்நிலைகள் இளந்தேநீர் நிறம் கொள்வது இதனாலேயே. இக்கரிமப் பொருள் மிகுந்த நீரில் குளோரின் கலந்தால் தீங்கு தரும் சேர்மங்கள் உண்டாகலாம் என்பது 1974-இல் தெரியவந்தது. ஆகவே குடிநீரில் அதன் அளவை அறிவது இன்றியமையாதது.

அதனை அறியும் வழியும் ஒளியே. மண்ணை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றிலோ, ஆற்று நீரிலோ புற ஊதா ஒளியைச் செலுத்தினால், மட்குப் பொருள் மங்கிய நீலமாக உடனொளிர்கிறது. புரதம் போன்ற பொருள்கள் வேறோர் அலைநீளத்தில் ஒளிர்ந்து, கழிவுநீர் கலந்திருக்கக்கூடும் என்று எச்சரிக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கருவியின் விளக்கும் ஒவ்வொரு திறன் உடையது. நாளடைவில் மங்கவும் செய்யும். ஓர் ஆய்வகத்தார் கண்ட அளவை மற்றோர் ஆய்வகத்தார் கண்டதோடு எங்ஙனம் ஒப்பிடுவது? பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும் அல்லவா?

அவ்வளவுகோல் தூய நீரின் இராமன் ஒளியே! 350 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் தூய நீரில் செலுத்தினால், ஏறத்தாழ 397 நானோமீட்டரில் இராமன் ஒளி எழுகிறது. தூய நீர் எந்நாட்டிலும் ஒன்றே. ஆதலின் அவ்வொளியும் ஒன்றே. அதனை ஓர் அலகாகக் கொண்டு கரிமப் பொருளின் ஒளிர்வை அளக்கின்றனர். இராமன் அலகு என்றே அதற்குப் பெயர். அளக்குமுன், தூய நீரின் ஒளியைத் தனியே கண்டு கழித்துவிடுகின்றனர். 1923-இல் மயக்கம் தந்த அதே மங்கிய ஒளி, இன்று மாசினை அளக்கும் கோலாகிவிட்டது. என்னே இயற்கையின் விந்தை!

நிறைவாக

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும், 1948 முதல் தாமே நிறுவிய ஆய்வு நிலையத்தின் தலைவராகவும் விளங்கிய இராமன், 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 நவம்பர் 21-ஆம் நாள் மறைந்தார். பிப்ரவரி 28-ஆம் நாளை நாடு தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறது.

மாணவச் செல்வங்களே! பெரியோர் கூறியதாயினும் ஆராய்ந்து ஏற்றார் இராமன். தம் முதற்கருத்தே தவறெனக் கண்டபோது அதனைக் கைவிடவும் அஞ்சவில்லை. நமக்கு விளங்காத ஒன்றை அழுக்கென்று ஒதுக்கிவிடுவது எளிது. பொருளிலும் அவ்வாறு செய்கிறோம், மனிதரிடத்தும் அவ்வாறு செய்கிறோம். பொறுத்திருந்து உற்று நோக்குவார்க்கே உண்மை புலப்படும். அத்தகைய நோக்கினை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!